ஊர்க்குளத்து மீன்: ஒரு பொதுப்பங்கின் வரலாறு

தமிழ் முஸ்லிம்களின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் கடலே முதலில் வந்து நிற்கும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய துறைகளும், மரக்கலங்களும், முத்துக்குளிப்பும் பல நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால் நம்மவரில் கணிசமானோர் கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், ஏரிக்கரையிலும் கண்மாய்க்கரையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அவர்களின் அடுப்பில் கொதித்தது பெரும்பாலும் விரால், கெளுத்தி, அயிரை, கெண்டை போன்ற குளத்து மீன்களே. அந்தச் சிறிய மீனுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்நீர் யாருடையது, அதில் நீந்துவது யாருக்குரியது என்ற கேள்வி அவ்வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகிறது. அக்கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை. ஆகவேதான் இதை எழுத முனைந்தோம்.

நன்னீர் மீனும் மார்க்கமும்

உவர்நீரையும் நன்னீரையும் ஒப்பிட்டுப் பேசும் திருக்குர்ஆன், அவ்விரண்டிலிருந்தும் மனிதர்கள் புத்தம்புதிய இறைச்சியை உண்பதை அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்றாக எடுத்துரைக்கிறது (35:12). நீரில் வேட்டையாடுவதும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டிருப்பதை 5:96ஆம் வசனம் அறிவிக்கிறது. அவ்வசனத்தில் வரும் ‘கடல்’ என்ற சொல் ஆற்றையும் குளத்தையும் உள்ளடக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். அறுக்கப்படாமல் இறந்தவற்றுள் மீனும் வெட்டுக்கிளியும் நமக்கு ஹலால் என்பது நபிமொழியால் அறியப்படும் செய்தி.

உள்நாட்டு ஊர்களில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு இந்தச் சலுகை எவ்வளவு பெரிது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டை அறுக்க வசதி வேண்டும். கோழியை அறுக்க அறிந்த கை வேண்டும். மீனுக்கு ஒரு தூண்டிலும் சற்றே பொறுமையும் போதும்.

மத்ஹபுகளுக்கிடையே நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. தானாகவே செத்து மிதக்கும் மீனை ஹனஃபி அறிஞர்கள் தவிர்க்கச் சொல்வர். ஷாஃபிஈ அறிஞர்கள் அனுமதிப்பர். நீர் வற்றியதால் இறந்த மீனை ஹனஃபிகளும் அனுமதித்துள்ளனர். வேனிலில் குளம் வற்றும் நம் நாட்டில் இது நடைமுறைப் பயனுள்ள சட்டம். குளத்தில் கிடைக்கும் நண்டு, நத்தை, ஆமை ஆகியவற்றை ஹனஃபி வீட்டார் தொடாமல் விட்டதற்கும் மீன் என்ற வகைக்குள் வராதவற்றை அம்மத்ஹபு அனுமதிக்காததே காரணம்.

பள்ளிவாசல் ஹவுளுக்கும் மீனுக்கும் உள்ள உறவும் இங்கே குறிப்பிடத்தக்கது. பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் ஹவுளில் சிறு மீன்களை விட்டு வளர்ப்பர். கொசுப்புழுவை அவை தின்று தீர்க்கும். நீரிலேயே வாழும் உயிரி நீரில் இறந்தாலும் அந்நீர் அசுத்தமாகாது என்ற சட்டமும் இருந்ததால், உளூச் செய்யும் நீரில் மீன் நீந்துவதை யாரும் குறையாகக் கருதவில்லை.

பழந்தமிழ் நாட்டின் வயலும் வாளையும்

சங்க இலக்கியத்தின் மருதத் திணை, குளமும் வயலும் மீனும் இன்றி அமையாது. வாளை, கெண்டை, அயிரை, ஆரல், வரால் ஆகியவை அங்கே பெயர் சுட்டப்படுகின்றன. இன்று நாம் விரால் என்பதே அன்றைய வரால். நன்னீர்த் தூண்டில் தொழிலில் பாணர் குலத்தார் ஈடுபட்டிருந்தனர். பாணர்குலப் பெண் தன் வட்டிலில் கொண்டுவந்த வரால் மீனைக் கொடுத்துவிட்டு, மனைக்குரியவளிடமிருந்து பழைய வெண்ணெல்லைப் பெற்றுச் செல்லும் காட்சியை ஐங்குறுநூறு காட்டுகிறது. மீனுக்கு நெல் என்ற இந்தப் பண்டமாற்று, குளமும் வயலும் ஒரே வாழ்வின் இரு பக்கங்களாய் இருந்ததற்குச் சான்று. பாண்டியரின் கொடியிலும் காசிலும் கயல் இடம்பெற்றதை அறியாதார் இல்லை.

அக்காலந்தொட்டே நம் குளங்களின் இயல்பு மாறவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியே புதுவெள்ளம் வரும். அந்நீரை எதிர்த்து மீன்கள் ஏறும். ஆழம் குறைந்த கரையோரத்திலும் வயலிலும் முட்டையிடும். நீர் இறங்கும்போது மடை வாயிலும் கலிங்கிலும் மூங்கிற்பறி வைத்துப் பிடிப்பர். தை, மாசியில் நீர் தெளியும். தூண்டிற்காரர் கரையில் அமர்வர். பங்குனி, சித்திரையில் குளம் சுருங்கும். எஞ்சிய விராலும் ஆரலும் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்காகக் காத்துக் கிடக்கும். பயிருக்காக வெட்டப்பட்ட ஏரி, யாரும் விதைக்காமலேயே மீனையும் தந்துகொண்டிருந்தது.

ஏரி வாரியமும் பாசிப்பாட்டமும்

காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் ஊர் வாரியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதத்தை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காக்கவென்றே ஓர் ஊர் தனிக்குழு அமைத்திருந்தது என்பது, நீர்நிலையை அவர்கள் எத்தகைய பொறுப்பாகக் கருதினர் என்பதைக் காட்டும்.

தமிழ்க் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஏரி, குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்காகப் பெறப்பட்ட வரி அல்லது குத்தகைத் தொகை அது. இன்றைக்கும் ஊராட்சி அறிவிப்புகளில் ‘மீன்பாசிக் குத்தகை’ என்ற தொடரைக் காண்கிறோம். அரசுகள் பல மாறியபின்னும் பாசி என்ற சொல் குத்தகைத் தாளில் அப்படியே தங்கிவிட்டது.

மீனால் வந்த இவ்வருவாய் அதே ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் ஒதுக்கப்பட்டதற்குச் சான்றுகள் உண்டு. குளம் தந்த பொருள் குளத்துக்கே திரும்பியது. மீன் குறைந்தால் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் மண் மேடிடும். மண் மேடிட்டால் நீரும் நெல்லும் குறையும். இந்தத் தொடரை அன்றைய ஊரார் நன்கு உணர்ந்திருந்தனர்.

நீருக்குள் இருக்கும் மீனை விற்கலாமா?

தமிழ்நாட்டு ஊரவைகள் பாசிப்பாட்டம் பெற்ற காலத்துக்கும் முன்பே, பக்தாதில் இதே கேள்வி எழுப்பப்பட்டிருந்தது. இமாம் அபூஹனீஃபாவின் மாணவரும் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் தலைமை நீதிபதியுமான இமாம் அபூயூசுஃப் (மறைவு 798), கலீஃபாவுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்ற நூலில், நாணல் அடர்ந்த நீர்நிலைகளில் உள்ள மீனை விற்பது பற்றித் தனியே ஒரு பகுதி அமைத்துள்ளார். பிடிக்கப்படாத மீனை விற்பது கூடாது, ஏனெனில் அதில் எவ்வளவு உண்டு, கிடைக்குமா கிடைக்காதா என்பது எவருக்கும் தெரியாது என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். வேட்டையின்றிக் கையாலேயே எடுக்கும் அளவுக்கு அடைபட்டிருக்குமாயின் விற்பதில் தவறில்லை.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவியும் (மறைவு 1277) இதை ஒட்டியே கூறுகிறார். எளிதில் எடுத்துவிடக்கூடிய சிறு தொட்டியிலோ குட்டையிலோ உள்ள மீனை விற்கலாம்; பெரும் பாடுபட்டாலன்றிப் பிடிக்க இயலாத பெருங்குளத்து மீனை விற்பது செல்லாது. வாங்கியவர் ஏமாறக்கூடாது, விற்றவரும் தம்மிடம் இல்லாததற்கு விலை வாங்கக்கூடாது என்பதே இதன் அடிப்படை. வரத்துக்காலை அடைத்து, தம் பொறுப்பில் மீனைச் சேர்த்து வைத்தவருக்கு அதன்மீது உரிமை உண்டு என்பதையும் ஃபிக்ஹு நூல்கள் ஏற்கின்றன. குஞ்சு வாங்கி விட்டு, தீனி போட்டு வளர்ப்பவரின் உழைப்பை மார்க்கம் புறந்தள்ளவில்லை. வானமும் வாய்க்காலும் கொண்டுவந்து சேர்த்த மீனோ, பிடித்தவருக்கே உரியது.

இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டிய நபிமொழிகள் இரண்டு. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது ஒன்று. தேவைக்கு மிஞ்சிய நீரை விற்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடைவிதித்தது மற்றொன்று. குத்தகை ஒப்பந்தங்களின் நுட்பங்களை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. எனினும், பொதுநீரைத் தனியொருவர் முழுமையாக வளைத்துக்கொள்வதை நம் மார்க்கம் ஒருபோதும் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

சனிக்கிழமை வேட்டை தடுக்கப்பட்டிருந்த கடலோர ஊரார் செய்த தந்திரத்தையும் இங்கே நினைவுகூரலாம் (7:163). சனியன்று வரும் மீன் திரும்பிச் செல்ல முடியாதபடி குழிகளும் வாய்க்கால்களும் வெட்டி வைத்து, ஞாயிறன்று அள்ளிக்கொண்டனர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். மீன்பிடிப்பிலும் வரம்பு உண்டு, வரம்பை வெல்லும் சாமர்த்தியம் வெற்றியாகாது என்பது அதன் படிப்பினை.

கண்மாய் அழியும் நாள்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களில் கோடையில் நடைபெறும் மீன்பிடித் திருவிழா, இந்தப் பொதுப்பங்கு இன்றும் உயிரோடிருப்பதற்கான சான்று. நீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பர். சுற்றுப்பட்டிகளுக்குச் செய்தி பரவும். விடியுமுன்பே கரையில் மக்கள் திரண்டுவிடுவர். பெரியவர் ஒருவர் கரைமீது நின்று வெள்ளைத் துணியை வீசியதும் அனைவரும் ஒருசேரக் கண்மாய்க்குள் இறங்குவர். அதற்குமுன் ஒருவரும் நீரில் கால் வைப்பதில்லை.

அடிப்பக்கம் திறந்த கூடை போன்ற ஊத்தாவைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கைவிட்டு மீனைத் துழாவி எடுப்பர் சிலர். கச்சா வலை, அரிகூடை, கொசுவலை, பழைய சேலை என அவரவர்க்கு வாய்த்தது அவரவர் கருவி. ஓரிரு மணி நேரத்தில் கண்மாய் கலங்கிச் சேறாகிவிடும். பிடித்த மீனை அன்று விற்பதில்லை என்பதே பல ஊர்களின் கட்டுப்பாடு. சமைத்து உண்பதும், உறவினருக்கும் மீன் கிடைக்காதவருக்கும் கொடுப்பதுமே மரபு. சாதி, சமயம் பாராமல் அனைவரும் இறங்குவதால் செய்தித்தாள்கள் இதைச் சமத்துவ விழா என்றெழுதுகின்றன. ஆண்டு முழுதும் வெவ்வேறு தெருக்களில் வாழ்வோர் அன்று ஒரே சேற்றில் நிற்கின்றனர்.

அன்று வீட்டுப் பெண்களுக்கும் வேலை மிகுதி. விராலின் வழவழப்பைச் சாம்பல் இட்டுத் தேய்த்துப் போக்குவர். கெளுத்தியின் முள்ளை ஒடித்துவிட்டே கழுவுவர். அயிரையை உயிரோடு நீரில் விட்டுவைத்து, அது மண்ணைக் கக்கியபின் உப்பிட்டு உரசி எடுப்பர். புளியும் மோரும் சேற்று வாடையைப் போக்கும். நோயுற்று எழுந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் குழம்பு கொடுப்பது நம் வீடுகளில் நெடுங்காலமாய் இருந்துவரும் வழக்கம்.

ஊருணி மட்டும் இதற்கு விலக்கு. குடிநீருக்கென வெட்டப்பட்ட ஊருணியில் கால் கழுவுவதே குற்றம் என்றிருந்த ஊர்கள் பல. எந்த நீரில் இறங்கலாம், எதில் இறங்கக்கூடாது என்பதைச் சட்டப் புத்தகம் இன்றியே குழந்தைகளும் அறிந்திருந்தனர்.

தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை

ஐரோப்பியர் வந்தபின் நம் குளத்து மீன்கள் அறிவியல் ஏடுகளில் ஏறின. 1791இல் தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனியின் பணியிலிருந்த டால்டார்ஃப் என்ற படையதிகாரி, குளத்தருகே நின்ற பனைமரத்தில் மீன் ஒன்று ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அச்செய்தி வெளியாயிற்று. நம்மவர் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பெயரிட்டு வழங்கிவந்தனர். விராலுக்கு ஜெர்மானிய அறிஞர் பிளாக் 1793இல் அறிவியற்பெயர் சூட்டினார்.

மரமேறும் மீன் பற்றிய பேச்சு அதற்கும் வெகுகாலம் முன்பே அரபு மொழியில் பதிவாகியிருந்தது என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 851ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ என்ற பயணக் குறிப்பு நூலில், தென்னையில் ஏறிச் சாறு பருகிவிட்டு நீருக்குத் திரும்பும் மீன் ஒன்றைப் பற்றிக் கடலோடிகள் கேள்வியுற்ற செய்தி காணப்படுகிறது. மரமேறுவதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயத்துடனேயே நோக்கினர். ஆயினும் அம்மீன் காற்றைச் சுவாசிக்கும், செவுள்மூடியை ஊன்றி ஈரத்தரையில் நகரும் என்பதில் ஐயமில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி ஒழுங்குபடுத்தப்பட்டபோது, ஏரிகளின்மீது ஊரார் கொண்டிருந்த பொறுப்பும் உரிமையும் தளர்ந்தன. குடிமராமத்து என்னும் ஊர்வழக்கம் சட்டத்தின் துணையை நாடவேண்டிய நிலைக்கு வந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதன் விளைவே. மனமுவந்து செய்த வேலை, செய்யத் தவறினால் தண்டிக்கப்படும் வேலையாயிற்று.

சென்னைப் படையில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, இந்திய நன்னீர் மீன்வளம் பற்றி 1873இல் அறிக்கை வெளியிட்டார். மிகச் சிறிய கண்களையுடைய வலைகளால் குஞ்சுகள் அழிவதை அவர் வலியுறுத்திச் சொன்னார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கியது. காக்கைக்கொல்லி விதையையும் மருக்காரைக் காயையும் இடித்து நீரில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் நம் நாட்டில் இருந்தது. 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை தோன்றியபோது சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் அதற்குத் தலைமை தாங்கினார்.

புதிதாய் வந்த மீன்கள்

விடுதலைக்குப்பின் குளங்களின் தோற்றம் விரைந்து மாறியது. 1952இல் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலேப்பியா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஜிலேபிக் கெண்டை என்று நாம் அழைப்பது இதையே. ஏழைகளுக்கு மலிவான புரதம் கிடைக்கும் என்பதே அன்றைய நோக்கம். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் அம்மீன், மிக இளம் வயதிலேயே பெருகத் தொடங்கும்; ஆண்டுக்குப் பலமுறை பெருகும். விரைவில் குளங்கள் கைப்பிடி அளவுக்கும் வளராத ஜிலேபியால் நிறைந்தன. உள்நாட்டுக் கெண்டைகளுக்கு இரையும் இடமும் குறைந்தன.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சவுத்ரி என்ற அறிஞர், பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டார். அதுவரை கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளுக்கு ஆறுகளையே நம்பியிருந்தனர். அதன்பின் பண்ணைகளிலேயே குஞ்சுகள் கிடைத்தன. வடநாட்டு ஆறுகளின் மீன்கள் நம்மூர்க் கண்மாய்களில் ஓராண்டுக்குள் கிலோ கணக்கில் வளர்ந்தன. குத்தகைக்குப் போட்டி எழுந்ததும் இதனால்தான். தானாக வளர்ந்த அயிரைக்கு யாரும் ஏலம் கேட்டதில்லை; கட்லாவுக்குக் கேட்டனர்.

நன்மை இல்லையெனச் சொல்ல இயலாது. பலருக்கு வேலை கிடைத்தது, ஊராட்சிக்கு வருவாய் கிடைத்தது, சந்தையில் மீன் மலிந்தது. ஆனால் குத்தகைதாரர் குஞ்சு விடுமுன் விராலையும் வாளையையும் களைமீன் என்றெண்ணி அகற்றினர், அவை குஞ்சைத் தின்னும் என்பதால். கரையில் தூண்டிலோடு அமர்ந்த சிறுவனும் முதியவரும் திருடராகப் பார்க்கப்பட்டனர். பிற மீன்களை விழுங்கிப் பெருகும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, தடைசெய்யப்பட்ட பின்னும் களவாக வளர்க்கப்படுகிறது. வெள்ளக்காலத்தில் அது பொதுநீரில் கலந்துவிடுகிறது.

நம் கையில் எஞ்சியிருப்பது

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனப்பரப்புடைய சிறு குளங்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் வருகின்றன. ஆக, நம் ஊர்க்குளத்தைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் நமக்கு எட்டும் தொலைவிலேயே எடுக்கப்படுகின்றன. கிராமசபையில் எழுந்து பேசும் உரிமை நமக்கும் உண்டு. ஜமாஅத்தார் திருமணப் பதிவோடும் நோன்புக்கஞ்சியோடும் நின்றுவிடாமல், ஊரின் பிற சமயப் பெரியவர்களோடு அமர்ந்து குளத்தைப் பற்றியும் பேசலாம்.

கேட்கவேண்டியவை பெரியவை அல்ல. குத்தகைத் தொகையில் ஒரு பங்கு அதே குளத்தைத் தூர்வாரச் செலவாக வேண்டும். குத்தகைதாரர் தம் மீனை எடுத்தபின், கடைசி ஒரு நாளேனும் கண்மாய் ஊராருக்குத் திறக்கப்பட வேண்டும்; இந்த ஏற்பாடு இன்றும் நடைமுறையில் உள்ள ஊர்கள் உண்டு. குஞ்சு விட்டவரின் உழைப்புக்கும் மதிப்பு, ஊராரின் பங்குக்கும் மதிப்பு என்ற இந்த நடுவழி, மேலே கண்ட ஃபிக்ஹுச் சட்டங்களின் உணர்வோடு பொருந்தி நிற்கிறது.

தூண்டில் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. மழைக்காலத்தில் நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நகர்வதைக் காணலாம். அவை விரால் குஞ்சுகள். அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவலாய் நீந்திக்கொண்டிருக்கும். அப்போது தூண்டிலிட்டால் விரால் உடனே சிக்கும், ஏனெனில் அது இரைக்காக அன்றித் தன் மக்களைக் காக்கவே பாய்கிறது. அந்த ஒரு மீனைப் பிடித்தால் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் காவலிழந்து அழியும். சிலநாள் பொறுத்தால் குஞ்சுகள் தனியே பிரிந்துவிடும். பறவையின் குஞ்சுகளை எடுத்தவரிடம், தாயிடமே திருப்பி விடுமாறு கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இந்தப் பொறுமையைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

ஆயிரம் ஆண்டுகளாக நம் ஊர்க்குளங்கள் கேட்ட வேலையைச் செய்தன. கேட்காத மீனையும் தந்தன. அவற்றைத் தூர்த்து மனைபோடுவதும், கழிவுநீரை விடுவதும், ஒருவர் கையில் ஒட்டுமொத்தமாய் ஒப்படைப்பதும் அடுத்த தலைமுறையின் பங்கை நாம் எடுத்து விழுங்குவதாகும். பொதுவானதைப் பொதுவாகவே காத்துப் பிறருக்கு விட்டுச்செல்லும் நல்லியல்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.